ஹௌலைட்டா, மேக்னசைட்டா? வெள்ளைக் கல் மணி வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

மணி கோத்து மாலையும் கைக்காப்பும் செய்து விற்பது என் தொழில். பால் வெள்ளை உடம்பில் சாம்பல் நிறக் கோடுகள் ஓடும் கல்லைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேள்வி வருகிறது. அதே கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றினால் டர்க்காய்ஸ், சிவப்பு ஏற்றினால் பவளம் என்று பெயர் மாறிவிடுவதால் குழப்பமும் அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஹௌலைட், மேக்னசைட் இரண்டும் ஒரே கல்தானே? பெயர் மட்டும்தானே வேறு?

இல்லை. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒரு சொட்டு உறவு கூடக் கிடையாது. ஹௌலைட்டில் கால்சியம், போரான், சிலிக்கா, கொஞ்சம் நீர்ப்பகுதி எல்லாம் இருக்கின்றன. மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் இருக்கும் இடத்தில் மக்னீசியத்தை வைத்தால் மேக்னசைட் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துப்போகிற குணங்கள் என்றால் வெள்ளை நிறம், கோடு, மென்மை. கல்லின் கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் ஹௌலைட் 3.5, மேக்னசைட் 3.5 முதல் 4.5 வரை. இரண்டும் சாயத்தை நன்றாகக் குடிக்கும். எடையில்தான் தெளிவாகப் பிரிகின்றன. ஒரு கல் அதே அளவு தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்று சொல்லும் எண்ணுக்கு ஒப்படர்த்தி என்று பெயர். ஹௌலைட்டின் ஒப்படர்த்தி சுமார் 2.58, மேக்னசைட்டுக்கு சுமார் 3. அதாவது ஒரே அளவுள்ள மணியில் மேக்னசைட் மணி ஆறில் ஒரு பங்கு கூடுதல் கனம். இந்த ஒரு வித்தியாசம்தான் வீட்டில் நமக்கு உதவப்போகிறது.

அப்படியானால் கடையில் ஏன் எல்லாவற்றையும் ஹௌலைட் என்கிறார்கள்?

பழக்கம்தான் காரணம். வெள்ளையில் கோடு போட்ட மலிவான கல் என்றால் ஹௌலைட் என்று வியாபாரத்தில் பெயர் ஊன்றிவிட்டது. பிறகு மேக்னசைட் மணிகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. கல் மாறியது, சீட்டு மாறவில்லை. இன்று ஹௌலைட் என்று எழுதி விற்கப்படும் சரங்களில் பெரும்பாலானவை மேக்னசைட்.

சில்லறையில் விற்பவர் ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை. மொத்த வியாபாரி எழுதிக் கொடுத்ததை அவரும் அப்படியே எழுதுகிறார். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். ஒருநாள் இரண்டு கடைகளில் வாங்கிய ஒரே அளவுச் சரங்களை இரண்டு கையிலும் தூக்கியபோது ஒன்று மட்டும் கையை இழுத்தது. இரண்டிலும் ஹௌலைட் என்றுதான் சீட்டு. அன்றைக்குத்தான் தராசை எடுத்தேன்.

ஹௌலைட் என்ற பெயர் எப்படி வந்தது?

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் விண்ட்சர் என்று ஓர் ஊர். அங்கே ஜிப்சம் வெட்டும் தொழிலாளர்களுக்குச் சுரங்கத்தில் அவ்வப்போது வெள்ளை உருண்டைகள் தட்டுப்பட்டு இடைஞ்சல் கொடுத்துக்கொண்டிருந்தன. ஜிப்சம் இல்லை என்று தெரியும், என்னவென்று தெரியாது. அந்த ஊர்க் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஹென்றி ஹௌ 1868இல் அதை ஆராய்ந்து, புதுக் கனிமம் என்று கண்டுபிடித்தார். அவர் வைத்த பெயர் ‘சிலிக்கோ போரோ கால்சைட்’. உள்ளே என்ன இருக்கிறது என்று அப்படியே சொல்லும் பெயர். பின்னால் அமெரிக்கக் கனிமவியலாளர் ஜேம்ஸ் டுவைட் டேனா, ஹௌவின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். அதுவே நிலைத்துவிட்டது.

கல் பெரும்பாலும் காலிஃபிளவர் பூ மாதிரி முண்டும் முடிச்சுமான உருண்டையாகக் கிடைக்கும். தனிப் படிகமாகக் கிடைப்பது அபூர்வம். கலிஃபோர்னியாவில் டிக் கேன்யன் என்ற இடமும் ஹௌலைட்டுக்குப் பெயர்போனது. போரான் உப்புகள் படிந்த இடங்களில்தான் இது உருவாகும். அப்படிப்பட்ட இடங்கள் உலகத்தில் குறைவு. அதனால்தான் மேக்னசைட் அளவுக்கு ஹௌலைட் எங்கும் கிடைப்பதில்லை.

சேலத்தில் வெட்டும் வெள்ளைக்கல்லும் மேக்னசைட்தானா?

அதேதான். எனக்கு இந்தக் கேள்வி வந்தாலே சந்தோஷம். ஏதோ வெளிநாட்டுக் கல் என்று நினைத்துக் கேட்பவர்களிடம், இது நம் சேலத்து வெள்ளைக்கல்லின் இனம் என்று சொன்னால் முகம் மாறிவிடும்.

சேலம் நகரத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இந்தக் கல் கிடைக்கிறது. ஆங்கிலேயர்கள் தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்து ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாக்கட்டிக்கும் அந்தக் குன்றுகளுக்கும் சம்பந்தமே இல்லை. சாக் என்பது கால்சியம் கார்பனேட், அங்கே இருப்பது மக்னீசியம் கார்பனேட். பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஒரு கனிமத்தின் பெயரில் ரயில் நிலையம் வைத்திருக்கும் ஊரில் அந்தக் கல்லை வேறு பெயரில் விற்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அங்கே இந்தக் கல் வந்த கதையும் அழகு. அடியில் இருப்பது டியூனைட் என்ற கனத்த பாறை. அதில் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைய, ஒலிவினில் மக்னீசியம் நிறைய. கரியமில வாயு கலந்த நீர் அந்தப் பாறையின் விரிசல்களில் இறங்கி, ஒலிவினைச் சிதைத்து, மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு மேக்னசைட்டாகப் படிந்தது. மிஞ்சிய சிலிக்கா தனியாக ஒதுங்கியது. அதனால்தான் பச்சையும் பழுப்புமான பாறை முழுக்க வெள்ளை நரம்பு பின்னிக் கிடக்கிறது. புதிதாக உடைத்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் உடைந்த பீங்கான் கோப்பையின் விளிம்பு மாதிரி வழவழப்பாக வளைந்திருக்கும். சாக்கட்டி மாதிரி விரலில் மாவு ஒட்டாது.

ஆனால் சேலத்துக் கல் மணிக்குப் போவதில்லை, உலைக்குப் போகிறது. சூடேற்றினால் கரியமில வாயு போய் மக்னீசியா மிஞ்சும். ஒரு கிலோ சுத்தமான கல்லுக்குச் சுமார் 480 கிராம். அந்த மக்னீசியா உருக 2800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஆகவே உருக்காலை உலைகளுக்குள் பதிக்கும் செங்கல் அதிலிருந்துதான் செய்கிறார்கள். தமிழ்நாடு அரசின் டான்மேக் நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டது இதற்காகத்தான். நம் கைக்கு வரும் மணிச்சரங்கள் பெரும்பாலும் சீனாவில் வெட்டிச் சாயமேற்றப்பட்டவை.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது. ஹௌலைட்டின் கோடு மெல்லியதாக, சிலந்தி வலை மாதிரி கல்லுக்குள்ளே ஓடும். மேக்னசைட்டில் கோடு தடிமனாகவும், அந்த இடம் கொஞ்சம் பள்ளமாகவும் இருப்பது உண்டு. பத்துச் சரம் பார்த்தால் ஆறேழில் இது சரியாக இருக்கும், மிச்சம் காலை வாரிவிடும். சாயம் ஏற்றிவிட்டால் அந்தக் குறிப்பும் போயிற்று.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள். தேவையானது 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு கண்ணாடி டம்ளர், மெல்லிய நூல். உலோகக் கொக்கி, இடையில் கோத்த வேறு மணி எதுவும் இல்லாமல் கல் மணி மட்டும் இருக்க வேண்டும். ஒற்றை மணியை வைத்துப் பார்த்தால் தராசின் தவறு பெரிதாகத் தெரியும் என்பதால் நான் எப்போதும் 10 மில்லிமீட்டர் மணியில் 20 எடுத்துக்கொள்வேன்.

முதலில் மணிகளை உலர்ந்தபடி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முக்கால் டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மணிகளைத் தளர்வாக நூலில் கோத்து, நூலைக் கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படவே கூடாது. இப்போது தராசு ஓர் எண் காட்டும். மணிகள் தள்ளிய தண்ணீரின் எடை அது. உலர்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும்.

என் கணக்கு நோட்டில் இருக்கும் இரண்டு வரிகளைத் தருகிறேன். ‘கோடு தடிமன், 20 மணி: உலர் எடை 30.4, தண்ணீரில் 10.1, விடை 3.01.’ அது மேக்னசைட். ‘கோடு மெல்லிசு, 20 மணி: உலர் எடை 25.9, தண்ணீரில் 10.1, விடை 2.56.’ அது ஹௌலைட். தண்ணீர் தள்ளிய அளவு ஒன்றே, ஏனென்றால் மணியின் அளவு ஒன்றே. எடைதான் நாலரை கிராம் வித்தியாசம். அந்த நாலரை கிராமைத்தான் என் கை முன்பே உணர்ந்திருக்கிறது.

இதில் பெரிய எதிரி காற்றுக் குமிழி. மணியின் துளைக்குள் ஒட்டிக்கொண்டு விடையைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு, நூலை இரண்டு மூன்று முறை உதறுங்கள். துளையிலிருந்து ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாக மேலே ஏறுவது தெரியும். அவை நின்ற பிறகு எண்ணைப் படியுங்கள்.

விடை 2.7 பக்கம் வந்தால்? பளிங்காக இருக்கலாம். வெள்ளைப் பளிங்கு கால்சைட், ஒப்படர்த்தி 2.71. அதையும் இதே பெயரில் விற்பது உண்டு. 1.2 பக்கம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அது பிளாஸ்டிக்.

எலுமிச்சம்பழச் சாறு விட்டால் மேக்னசைட் நுரைக்கும் என்கிறார்களே?

நுரைக்காது. கார்பனேட் என்பதால் நுரைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் மேக்னசைட் மெதுவாக வேலை செய்யும் கார்பனேட். குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் சும்மா இருக்கும். பொடியாக்கிச் சூடான அமிலத்தில் போட்டால்தான் பொங்கும். ஹௌலைட் நுரையே இல்லாமல் அமிலத்தில் கரையும். சாறு விட்டு நுரை வரவில்லை என்றால் ஒன்றும் தெரியாது, பாலிஷ் போனதுதான் மிச்சம். உடனே நுரைத்தால் பளிங்கு என்று தெரியும். அதற்காக நல்ல மணியைக் கெடுக்க வேண்டியதில்லை.

புற ஊதா டார்ச்சில் தெரியுமா?

சில மேக்னசைட் நீலமாகவோ வெளிர் பச்சையாகவோ மின்னும், சில ஹௌலைட் பழுப்பு மஞ்சளாக மின்னும். இரண்டிலும் மின்னாதவை நிறைய. கள்ள நோட்டுப் பார்க்கும் டார்ச்சை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

ரத்தினச் சோதனைக் கூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்?

ஒளிவிலகல் எண்ணை வைத்து, அதாவது ஒளி கல்லுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் எண்ணை வைத்து. ஹௌலைட் 1.59 சுற்றிக் காட்டும். மேக்னசைட்டுக்கு இரண்டு எண்கள், 1.51 ஒன்று, 1.70 ஒன்று. இவ்வளவு அகன்ற இடைவெளி ரத்தினக் கற்களில் குறைவு. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கும் வடிகட்டியைச் சுழற்றிக்கொண்டே கருவியில் பார்த்தால் மேக்னசைட் கண் சிமிட்டுவது மாதிரி ஒளிர்ந்து மங்கும். லேசர் ஒளியை வைத்துக் கல்லை அடையாளம் காணும் ராமன் நிறமாலைக் கருவி இருந்தால் மணியை உடைக்காமலே சில நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும்.

என் நீல மாலை டர்க்காய்ஸா, சாயம் போட்ட கல்லா?

டர்க்காய்ஸ் என்பது, வடக்கே ஃபிரோசா என்கிறார்களே, அந்தக் கல். செம்பும் அலுமினியமும் கலந்த பாஸ்பேட். நீலம் செம்பிலிருந்து வருகிறது. கடினத்தன்மை 5 முதல் 6, அதாவது நம் இரண்டு கல்லையும் விட உறுதியானது.

சாயம் போட்ட கல்லைக் கண்டுபிடிக்க முதலில் துளையைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் மணியைப் பிடித்து லென்ஸ் வைத்துத் துளையின் உதட்டைப் பார்த்தால், மேலே ஆழ்ந்த நீலம் இருந்து உள்ளே போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். விரிசல்களில் நீலம் தேங்கி மற்ற இடத்தை விடக் கறுத்திருக்கும். அப்புறம் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சைத் தோய்த்து, துளைக்குப் பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் அழுத்தித் தேய்யுங்கள். பஞ்சு நீலமானால் சாயம். நீலமாகவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். சாயத்துக்கு மேல் ரெசின் பூசியிருந்தால் பஞ்சில் வராது.

தண்ணீர்ச் சோதனையும் கொஞ்சம் உதவும். டர்க்காய்ஸின் ஒப்படர்த்தி 2.6 முதல் 2.9 வரை. விடை 3 வந்தால் மேக்னசைட் என்று சந்தேகிக்கலாம். 2.6 வந்தால் மட்டும் சிக்கல், ஹௌலைட்டும் அங்கேதான் நிற்கும். அப்போது துளைதான் சாட்சி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாயம் போடுவது தப்பில்லை. நானே நீல மேக்னசைட் மாலை விற்கிறேன், சிறு பிள்ளைகளுக்கு அந்த நிறம் அவ்வளவு பிடிக்கும். ‘சாயமேற்றிய மேக்னசைட்’ என்று எழுதிக் கொடுக்கிறேன். டர்க்காய்ஸ் விலையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதுதான் தப்பு.

‘வெள்ளை டர்க்காய்ஸ்’ என்று விற்கிறார்களே, அது என்ன?

பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. நிறம் தரும் செம்பே இல்லாத கல்லுக்கு டர்க்காய்ஸ் என்ற பெயர் எதற்கு? ‘டர்க்கெனைட்’ என்று பார்த்தால் அது சாயமேற்றிய ஹௌலைட்டின் வியாபாரப் பெயர். ‘லெமன் கிரைசோபிரேஸ்’ என்ற எலுமிச்சை நிறக் கல் மட்டும் வேறு கதை. நிக்கல் கலந்ததால் இயற்கையாகவே பச்சை மஞ்சளான மேக்னசைட் அது, சிலிக்காவும் சேர்ந்திருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. சாயம் இல்லாமலே இந்த அழகு என்பதால் எனக்குப் பிடித்த மேக்னசைட் அதுதான்.

சிவப்புச் சாயம் போட்டுப் பவளம் என்று தருகிறார்களா?

தருகிறார்கள். பவளத்தில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும், அது ஓர் உயிர் வளர்ந்த தடம். சாயக் கல்லில் அந்தக் கோடு இருக்காது. ஜாதகத்துக்காக வாங்குகிறவர்கள் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். ஹௌலைட்டும் மேக்னசைட்டும் நவரத்தினத்தில் சேராதவை.

இதை மோதிரமாகப் போடலாமா?

தினசரி மோதிரத்துக்கு வேண்டாம். காரணம் தூசி. வீட்டுத் தூசியில் மணல் துகள் கலந்திருக்கும், மணல் என்பது குவார்ட்ஸ், கடினத்தன்மை 7. நம் கல் 3.5. உலர்ந்த துணியால் ஓங்கித் துடைத்தாலே அந்தத் துகள் கோடு கிழித்துவிடும். மோதிரம் நாள் முழுக்கக் கதவிலும் பாத்திரத்திலும் இடிக்கும், ஆறே மாதத்தில் பளபளப்புப் போய் மங்கிவிடும். கம்மல், கழுத்து மாலை என்றால் பல வருடம் வரும். கைக்காப்பு நடுத்தரம். சமையலறையில் கழற்றி வைப்பவர்களுக்கு மட்டும் செய்து தருகிறேன்.

மேக்னசைட் கொஞ்சம் உறுதி கூடியது என்பது புத்தகத்தில் சரி. அணியும்போது அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை.

எப்படிச் சுத்தம் செய்வது?

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, மிருதுவான துணி. உடனே எடுத்து உலர்த்துங்கள், ஊற வைக்காதீர்கள்.

நம் வீடுகளில் நடக்கும் தப்பு வேறு. வெள்ளியில் பதித்த கல் என்றால் வெள்ளி கறுத்ததும் புளி போட்டுத் தேய்ப்போம், இல்லாவிட்டால் விபூதி. புளி அமிலம், விபூதி நைசான உரசும் பொடி. வெள்ளி பளிச்சென்று ஆகும், கல் செத்துவிடும். ஒரு அக்கா கொண்டுவந்த தொங்கட்டானில் வெள்ளி விளிம்பு புதுசு மாதிரி மின்ன, நடுவில் கல் மட்டும் துவைத்த சாக்கட்டி மாதிரி வெளிறிக் கிடந்தது. மறுபடி பாலிஷ் போட்டும் பழைய வழவழப்பு முழுசாக வரவில்லை.

மஞ்சள், தேங்காயெண்ணெய், வியர்வை மூன்றும் வெள்ளைக் கல்லுக்குள் இறங்கி மஞ்சள் பாரிக்கச் செய்யும். சாயம் குடிக்கிற கல் இவற்றை மட்டும் எப்படி விடும்? குளித்து, எண்ணெய் பூசி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாட்டுங்கள்.

ஹௌலைட்டைத் தலையணைக்கடியில் வைத்தால் தூக்கம் வருமா?

மருத்துவ ரீதியாக அதற்கு ஆதாரம் இல்லை. தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் மருத்துவரைப் பாருங்கள். கல்லை அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே வெட்டி, துளை போடலாமா?

போடலாம், கத்தியாலேயே கீறக்கூடிய கல்தான். தண்ணீர் விட்டுக்கொண்டே துளையிடுங்கள், முகக்கவசம் போடுங்கள். எந்தக் கல்லின் பொடியும் நுரையீரலுக்கு ஆகாது.

இரண்டில் எதை வாங்குவது நல்லது?

மெல்லிய வலைக்கோடு பிடிக்கும் என்றால் ஹௌலைட். நிறம் நிறமாகச் சாயமேற்றிய மணி வேண்டும் என்றால் மேக்னசைட் போதும். நீளமான மாலை, கனமான ஜிமிக்கி என்றால் எடையை யோசியுங்கள். ஒரே அளவு மணியில் ஹௌலைட் காதையும் கழுத்தையும் குறைவாக இழுக்கும்.

டர்க்காய்ஸ் என்று நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டேன், இப்போது சந்தேகம். என்ன செய்ய?

முதலில் ரசீதைத் தேடுங்கள். அதில் டர்க்காய்ஸ் என்று எழுதியிருக்கிறதா, வெறும் ‘நீலக்கல் மாலை’ என்று இருக்கிறதா பாருங்கள். துளையைப் பாருங்கள், தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். இரண்டும் சாயக் கல் என்று சொன்னால், மாலையை அறுக்காமல் அப்படியே ஒரு ரத்தினச் சோதனைக் கூடத்தில் கொடுத்து எழுத்தில் முடிவு வாங்குங்கள். அந்தத் தாளோடும் ரசீதோடும் கடைக்குப் போனால் பேச்சு நேராக இருக்கும். அதுவரை பஞ்சு, அமிலம் எதையும் மாலையில் வைக்காதீர்கள். கெட்டுப்போன கல்லைத் திருப்பி வாங்க எந்தக் கடைக்காரரும் தயங்குவார்.